கிளாக் 17: பதினான்கு மாதம், 2,314 தோட்டா

ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு, எடுத்துப் போகும் என் பையில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறை போய்வந்ததும் தேதி, எத்தனை தோட்டா, எந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் டப்பா), எங்கே சிக்கியது என்று அதில் எழுதிவிடுவேன். போன சனிக்கிழமையோடு கணக்கு 2,314. வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போதுதான் இந்தத் துப்பாக்கியைப் பற்றி எழுதலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது. ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு ஒரு பிஸ்டலுக்கு நற்சான்று கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி என்ற ஊரையும் தாண்டி. வீட்டுக்குப் பின்னால் வயல்தான். இந்தப் பக்கம் இருக்கிற நம்மவர்கள் ஏழெட்டுப் பேர் இந்த வருடத்தில் கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, வீட்டுக்கு ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கலாம்?" ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கிக்கு முன்னால் விசா. எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநில வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு குடிவரவு வக்கீலிடம் கேட்காமல் கடைப்பக்கம் போக வேண்டாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் "வைத்திருப்பது" என்ற கணக்கில்தான் வரும். நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று சனிக்கிழமை ஜாலியாகப் போய்விட்டுப் பிறகு கிரீன் கார்டு நேரத்தில் கலங்கக் கூடாது. இன்னொன்று: விசாவில் இருக்கும் தம்பிக்காக கிரீன் கார்டு வைத்திருக்கும் அண்ணன் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது நேரடியான குற்றம். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குவது நீதானா என்று கேட்கிற கேள்விக்குக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறோம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்து, 21 வயதும் ஆகியிருந்தால், லைசென்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்கலாம். பின்னணிச் சோதனை எனக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன்.

நான் வாங்கியது கிளாக் 17, ஐந்தாம் தலைமுறை. ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் பி80 என்ற பெயரில் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் வாரிசு இது. அதைச் செய்த காஸ்டன் கிளாக் அதற்கு முன் துப்பாக்கியே செய்தவர் இல்லை. திரைச்சீலைக் கம்பியும் ராணுவக் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். 17 என்பது அவருடைய பதினேழாவது காப்புரிமை. மேகசினில் 17 தோட்டா பிடிப்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், அது தற்செயலாகப் பொருந்தியது. ஐந்தாம் தலைமுறை 2017-ல் வந்தது. கைப்பிடியில் விரலுக்கென்று இருந்த பள்ளங்களை எடுத்துவிட்டார்கள், மேகசின் நுழையும் வாயைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், ஸ்லைடை, அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய் வரும் மேல்பகுதியை, பிடித்து நிறுத்தும் நெம்பை இரண்டு பக்கமும் வைத்தார்கள். இந்த மூன்றாவது மாற்றம்தான் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த மாதிரித் துப்பாக்கியை "ட்யூட்டி பிஸ்டல்" என்பார்கள். அந்தச் சொல்லை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். காவலர் ஒருவரின் இடுப்பில் நாள் முழுவதும் மழையிலும் வெயிலிலும் கிடந்து, என்றைக்கோ ஒரு நாள் வெளியே வந்தால் அந்த ஒரு நாள் கட்டாயம் வேலை செய்ய வேண்டிய பொருள் அது. துப்பாக்கிப் பிரியர், அதைத் தொடவே பிடிக்காதவர் என்று எல்லா வகைக் கைகளுக்கும் பொருந்த வேண்டும். அதனால்தான் வெளியே சேஃப்டி பொத்தான் கிடையாது. ட்ரிக்கரில் ஒன்று, உள்ளே இரண்டு என்று மூன்று பாதுகாப்புகள், ட்ரிக்கரை இழுக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகத் தானே விலகும். விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்கும்வரை அது சுடாது. உள்ளே போய்விட்டால், நீங்கள் சுட நினைத்தீர்களா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உறையோ பூட்டுப் பெட்டியோ இல்லாமல் இந்த வகைத் துப்பாக்கியை மேசை இழுப்பறையில் போட்டுவைப்பவர்களை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சட்டகம் பாலிமர். 1980-களில் "விமான நிலையக் கருவிக்குத் தெரியாத பிளாஸ்டிக் துப்பாக்கி" என்று பெரிய பீதி கிளம்பியது. ஸ்லைடும் குழலும் முழு எஃகு என்பதால் எடையில் பெரும்பங்கு உலோகம்தான். பாலிமருக்குள் பதித்திருக்கும் நாலே நாலு சின்ன எஃகுத் தடங்கள்மீதுதான் ஸ்லைடு முழுவதும் ஓடுகிறது. கழற்றிப் பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். காலி மேகசினோடு 700 கிராம் அளவில் நிற்கும். துப்பாக்கியைத் தனியாக, தோட்டாக்களைத் தனியாகப் பார்சல் தராசில் வைத்துக் கூட்டினேன்: 18 தோட்டாவோடு (மேகசினில் 17, குழலுக்குள் 1) 920 கிராம். முழு எஃகில் செய்த 1911 என்ற பழைய மாடல் பிஸ்டல் வெறுமனே 1,100 கிராம் வரும்.

எடை குறைந்தால் உதை கூடும் என்பது உண்மைதான். ஆனால் 9 மி.மீ. தோட்டாவுக்கு இந்த அளவே போதும். எஃப்.பி.ஐ.கூட இன்னும் பெரிய .40 தோட்டாவை விட்டு 9 மி.மீ.-க்குத் திரும்பியது. உதை குறைவு, அடுத்த குறி சீக்கிரம் கிடைக்கும், மேகசினில் கூடுதலாகப் பிடிக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: விலை. பயிற்சிக்கு 115 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவை ஆயிரமாக வாங்கினால் ஒன்று கால் டாலர் அளவில் எனக்குக் கிடைத்தது.

ட்ரிக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் அதிகம் குறை சொல்வது அதைத்தான். முதல் கால் அங்குலம் லேசாக வரும். பிறகு ஒரு சுவர் மாதிரி தட்டும். அங்கே இன்னும் கொஞ்சம் அழுத்தினால், ஈரமான மண்ணில் குச்சி இறங்குவதுபோல ஒரு நெகிழ்வு, அப்புறம் "டக்". பத்து முறை அளந்து சராசரி எடுத்தேன்: 5 பவுண்டு 10 அவுன்ஸ். கண்ணாடி உடைவதுபோலத் துல்லியமான ட்ரிக்கர் வேண்டுமென்றால் வால்தர் பிடிபியைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதன் ட்ரிக்கர் இதைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிளாக்கின் பலம் சுட்ட பிறகுதான் தெரியும். விரலை மெல்லத் தளர்த்தினால் கொஞ்ச தூரத்திலேயே "டிக்" என்று கையில் உணர்கிற மாதிரி அது மீண்டும் பிடித்துக்கொள்ளும். விரலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி தேட வேண்டியதில்லை. ஆயிரம் தோட்டாவைத் தாண்டிய பிறகுதான் என் விரல் அந்த "டிக்"குக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. அந்த மாதத்திலிருந்து 15 கெஜத்தில் என் குறிகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவிலிருந்து சாஸர் அளவுக்குச் சுருங்கியதை நோட்டில் ஒட்டிவைத்த அட்டைகளில் பார்க்கலாம்.

கைப்பிடியின் சாய்வு எல்லோருக்கும் ஒத்துவராது. 1911 மாதிரி துப்பாக்கியில் பழகியவர்கள் இதைத் தூக்கினால் முன்சைட் (குறிபார்க்க முன்னால் இருக்கும் முனை) மேலே போய் நிற்கும். என் நண்பர் ஒருவருக்கு இது கடைசிவரை சரிப்பட்டு வரவில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்அண்ட்பி 2.0 வாங்கினார், இன்று சந்தோஷமாக இருக்கிறார். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள்: காலியா என்று கடைக்காரரும் நீங்களும் பார்த்த பிறகு, அவர் காட்டும் பாதுகாப்பான திசையில், கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை நீட்டுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். சைட் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது உங்கள் கைக்குப் பொருந்துகிறது. அரை அங்குலம் மேலோ கீழோ இருந்தால், கைப்பிடியின் பின்பக்கத்தில் மாட்ட, பெட்டியில் வரும் பின்பட்டைகளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் வேறு துப்பாக்கியைப் பாருங்கள். பெயருக்காக வாங்க வேண்டாம்.

இப்போது என் மனைவி. அவள் இடதுகைக்காரி. ஐந்தடி ஒரு அங்குலம். நாங்கள் முதலில் போன கடையில் கவுன்டரில் இருந்தவர் அவளைப் பார்த்ததுமே கண்ணாடிக்குள்ளிருந்து உள்ளங்கை அளவு பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்தார். "லேடீஸுக்கு இதுதான்" என்றார். அவள் ஸ்லைடை இழுத்தாள். பாதிகூட வரவில்லை. முகம் சிவந்துவிட்டது, "எனக்கு இதெல்லாம் வராதுங்க, நீங்களே பாத்துக்கங்க" என்று வெளியே வந்துவிட்டாள். அந்தக் கடைக்காரர் செய்தது பெரிய தவறு. சின்னத் துப்பாக்கியில் ஸ்லைடு சின்னது, ஆகவே ஸ்பிரிங் இறுக்கம். பிடிக்க இடம் குறைவு, உதையும் அதிகம். முழு அளவு பிஸ்டலில் எல்லாமே நேர்மாறு. சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போவதற்குத்தான் சின்னது. வீட்டில் பெட்டியில் வைப்பதற்கும், ரேஞ்சில் கற்றுக்கொள்வதற்கும் பெரியதே சுலபம்.

இன்னொரு ரேஞ்சில் பயிற்சி தரும் பெண்மணி ஒருவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். ஸ்லைடை இழுக்காதீர்கள். ஒரு கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். கதவைத் தள்ளுகிற மாதிரி, உடம்பின் பலத்தோடு. மூன்றாவது தடவை கிளாக்கின் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போய் நின்றது. இரண்டு பக்கமும் நெம்பு இருப்பதால் அவளுடைய இடது கட்டைவிரலே அதை நிறுத்தப் போதும். மேகசினை விடுவிக்கும் பொத்தானை வலப்பக்கம் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் நாங்கள் மாற்றவில்லை. துப்பாக்கி இருவருக்கும் பொது. அவள் ஆள்காட்டி விரலால் அதை அழுத்தப் பழகிவிட்டாள்.

சிக்கல்களைக் கணக்காகவே சொல்கிறேன். 2,314 தோட்டாவில் ஏழு முறை நின்றது. ஐந்து, விலை குறைவென்று நான் வாங்கிய வேறு நிறுவனத்து மேகசினில். மேலே வரவேண்டிய தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அந்த மேகசினில் சிவப்பு டேப் ஒட்டித் தனியே போட்டேன், அதற்குப் பிறகு அந்த மாதிரிச் சிக்கல் வரவே இல்லை. ஒன்று, மனைவி களைத்துப்போய் மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டபோது: காலிக் கூடு வெளியே பறக்காமல் ஸ்லைடு வாயில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக மாட்டிக்கொண்டது. லேசான சட்டகம் என்பதால் பிடி தளர்ந்தால் இப்படி ஆகும். கடைசி ஒன்று மோசமான தோட்டா. இது தவிர, கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை என்று பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் என் பெயரில் இருக்கின்றன. என் கட்டைவிரல் நெம்பின் மேல் படுத்திருந்ததே காரணம். விரலை அரை அங்குலம் கீழே இறக்கியதும் நின்றுவிட்டது. வாங்குபவர்கள் இதைத் துப்பாக்கியின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறார்கள். முதலில் உங்கள் விரல் எங்கே இருக்கிறது என்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

எனக்குப் பிடிக்காதது, கூட வரும் சைட். நான் வாங்கிய மாடலில் அது பிளாஸ்டிக். முன்னால் வெள்ளைப் புள்ளி, பின்னால் வெள்ளைக் கிண்ணம். ஒரு ட்யூட்டி துப்பாக்கியில், உறையில் உரசி உரசித் தேயக்கூடிய இடத்தில், பிளாஸ்டிக்கை வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முன்னால் ஆரஞ்சு வட்டமும் இருட்டில் ஒளிரும் டிரிட்டியமும் உள்ள எஃகு சைட்டுக்கு 95 டாலர். முன்சைட்டை நானே திருகினேன், பின்சைட்டைத் தள்ளி ஏற்றிக் கொடுக்கத் துப்பாக்கி மெக்கானிக் 30 டாலர் வாங்கினார். கண்ணாடி போட்ட ஐம்பது வயதுக் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு பெரிய உதவி. ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கண்ணாடி) பொருத்தும் எண்ணம் இருந்தால் முதலிலேயே எம்ஓஎஸ் என்று எழுதிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள், பிறகு ஸ்லைடை வெட்டக் கொடுப்பது வீண் அலைச்சல்.

கழற்றுவதைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவை முடிக்க மாட்டேன். கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் ட்ரிக்கரை இழுத்தாக வேண்டும். உள்ளே ஒரு தோட்டா தங்கியிருந்தால் அது வெடிக்கும். எம்அண்ட்பி-யில் ட்ரிக்கரை இழுக்காமலே கழற்ற ஒரு வழி வைத்திருக்கிறார்கள், வாங்குபவர்கள் எடைபோட வேண்டிய விஷயம் அது. தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான்: முதலில் ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, பிறகு மேகசினை எடுப்பார்கள். ஆனால் ஸ்லைடு திரும்பி வரும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறியிருக்கும். நான் சாப்பாட்டு மேசையில் கழற்றுவதில்லை. கராஜில், மணல் நிரப்பிய பெயின்ட் வாளியைப் பார்த்தபடி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். "மேகசின் வெளியே." ஸ்லைடை மூன்று முறை இழுத்துப் பின்னால் நிறுத்துவேன். "அறை காலி." சுண்டுவிரலை அறைக்குள் விட்டு விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். "விரல் விட்டுப் பார்த்தாச்சு." அதற்குப் பிறகுதான் ட்ரிக்கர், அதுவும் வாளியை நோக்கி. தோட்டா டப்பா அப்போது கராஜிலேயே இருக்காது. என் மகன் என்னைப் பார்த்து இந்த மூன்று வாக்கியத்தையும் மனப்பாடமாகச் சொல்வான்.

மகன் என்றதும் பூட்டுப் பெட்டி. பதினேழு வயதுக்குக் கீழான பிள்ளைகள் கையில் கிடைக்கும்படி தோட்டா உள்ள துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸ் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதை நான் விட்டிருக்க மாட்டேன். பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் திறக்கும் எஃகுப் பெட்டி, சுவரில் போல்ட் போட்டு முடுக்கியது, 180 டாலர். ஆயுத பூஜை அன்று கராஜில் உள்ள ஸ்பேனர், டிரில்லிங் மிஷின், காருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். துப்பாக்கிக்கும் வைக்கலாமே என்று போன வருடம் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் அதைப் பெட்டியை விட்டு எடுக்க நானும் மனைவியும் சம்மதிக்கவில்லை. மூடிய பெட்டியின் கதவில் ஒரு பொட்டு வைத்தாள், அவ்வளவுதான்.

நான் சிவகாசிக்காரன். பட்டாசு வாசனையில் வளர்ந்த எனக்கு ரேஞ்சின் வாசனை முதல் நாள் புதிதாக இருந்தது. கந்தகம் இல்லாத, கசப்பான, சுட்ட எண்ணெய் மாதிரியான நெடி. சத்தம் மட்டும் பழகியது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 9 மி.மீ. சத்தம் 160 டெசிபல் அளவில் வரும். எங்கள் ஊரில் காது மந்தமான பெரியவர்களைப் பார்த்தவன் என்பதால், உள்ளரங்கு ரேஞ்சில் காதுக்குள் ஒரு அடைப்பும் மேலே ஒரு மஃபும் போடாமல் நான் நுழைவதில்லை. அப்புறம் ஈயம். தோட்டாவின் ஈயத்தூசி கையிலும் சட்டையிலும் செருப்பிலும் ஒட்டும். சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலையே தொட வேண்டும். செருப்பை வாசலில் விடுகிற நம் பழக்கம் இங்கே நிஜமாகவே உதவுகிறது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை எக்காரணம் கொண்டும் பயணப் பையாக்காதீர்கள். மூலையில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகிவிடும். அதுவும் 9 மி.மீ. இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். என் ரேஞ்சுப் பை மஞ்சள் நிறம். வீட்டில் வேறு எந்தப் பையும் மஞ்சள் கிடையாது.

செலவைக் கூட்டினேன். துப்பாக்கி வரியோடு 583 டாலர். தோட்டா மட்டும் 579. சைட், பெட்டி, காது மஃப், இருவருக்கும் முதல் வகுப்பு எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு 600-ஐத் தாண்டிவிட்டது. கையில் 600 டாலர்தான் இருக்கிறது என்று சொல்பவரிடம் நான் சொல்வது: இப்போதைக்குத் துப்பாக்கி வாங்காதீர்கள். வகுப்புக்குப் போங்கள், அங்கே வாடகைக்குக் கிடைக்கும் கிளாக், எம்அண்ட்பி, வால்தர் மூன்றிலும் ஐம்பது ஐம்பது தோட்டா சுடுங்கள். பெட்டிக்கும் ஆயிரம் தோட்டாவுக்கும் பணம் சேர்ந்த பிறகு, மூன்றில் உங்கள் கைக்கு வந்ததை வாங்குங்கள். என் கைக்கும் மனைவியின் கைக்கும் வந்தது கிளாக். மறுபடி வாங்க நேர்ந்தாலும் இதையேதான் வாங்குவேன், சைட்டை அன்றைக்கே மாற்றிவிடுவேன்.

கணக்கு 3,000 தோட்டாவைத் தொட்டதும், ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றப்போகிறேன். அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை என்பார்கள், எனக்கு மனசு கேட்காது. புதியது வாங்கி நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாச்சு. வரும் சனிக்கிழமை மனைவி முதல் முறையாக 25 கெஜத்தில் சுடப்போகிறாள். அட்டையில் வட்டத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்று கேட்டேன். "சாஸர் போதும்" என்றாள்.